சாய்கோடு, இடைவெளி, யூனியன்

பீல் நகரத்துப் பழஞ்சாமான் கடையில்
இருபத்தைந்து பிராங்குக்கு வாங்கினோம்.
அறைக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தால்
ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில்
நாலு திருகாணி ஓட்டை, கொஞ்சம் தூசி.
யாரோ கவனமாக
நினைவைக் கழற்றி எடுத்துக்கொண்டு
மிச்சத்தை விற்றிருக்கிறார்கள்.

பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றிச் செருகினேன். எழும்பியது.
எழும்பியதும் கேட்டது: எந்த மொழி?
தெருப்பலகையே இரண்டு மொழியில் நிற்கிற ஊர்,
கேள்வி எனக்குப் புதிதல்ல.
தமிழ் என்றேன். விசைப்பலகை மாற்றினேன்.
வைஃபைக்கு இருபத்திரண்டு எழுத்தில் கடவுச்சொல்.
மறுநாள் செருகினால்
என்னை முன்பின் பார்த்திராத முகத்தோடு
எந்த மொழி?

ஏழு மாதம் இப்படி.
பஸ் டிப்போவில் விடியவிடிய இருக்கை துடைத்துவிட்டு வந்து
இருபத்திரண்டு எழுத்தையும் அடிப்பேன்.
சுகிர்தன் ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை.
ரெஸ்டாரண்ட் குசினி கழுவி ஒரு மணிக்கு வருவான்,
உடுப்பெல்லாம் உருகிய சீஸ் மணம்.
கதிரையை இழுத்துப் போட்டு
அரைமணி நேரம் எதையோ தட்டுவான்.
பிறகு அணைக்காமல் கொள்ளாமல்
பென்டிரைவைப் பிடுங்கி மேசையில் வைப்பான்.
திரை விறைத்து நிற்கும்.
அவன் குறட்டை விடுவான்.

நவம்பரில் எனக்கு மூன்று நாள் லீவு.
ஏரிப்பக்கத்து மூடுபனி சன்னலை அடைத்திருந்தது.
முப்பத்திரண்டு ஜிபி; சிஸ்டம் தின்றது மூன்று,
மிச்சமெல்லாம் பொட்டல்.
பொட்டலுக்கு எல்லை போட்டேன். புதிய பார்ட்டிஷன்.
அதற்குள் ஒரு சின்னக் கோப்பு, கோப்புக்குள் ஒரே வரி:
ஒரு சாய்கோடு, ஓர் இடைவெளி, யூனியன் என்ற சொல்.
ஞாபகத்துக்கு இவ்வளவு போதுமாம்.

எந்த மொழி?
அணைத்துப் போட்டேன். எந்த மொழி?
இரண்டாம் நாள் பின்னேரம்தான் கண்ணில் பட்டது:
பார்ட்டிஷனுக்கு ஒட்டிய பெயரில்,
பெர்சிஸ்டன்ஸ் என்ற அந்த ஒற்றைச் சொல்லில்,
ஈ வரவேண்டிய இடத்தில் ஏ போட்டிருக்கிறேன்.
மாலை வகுப்பில் மதாம் ழான்ரே
சிவப்புப் பேனாவால் திருத்தித் தந்த எழுத்துக்கூட்டல்.
பிரெஞ்சில் விடாப்பிடிக்கு ஏ வேண்டும்,
ஆங்கிலத்தில் ஈ.
படித்ததை அழித்தேன்.

அதற்கடுத்த காலை அது என்னை ஒன்றும் கேட்கவில்லை.
வைஃபை தானே பிடித்தது.
திரையின் இடது மூலையில்
நான் வைக்காத ஒரு கோப்பு: பெயரிடாதது 1.

திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.
ஜெர்மனில், மதிப்புக்குரிய ஹெர் ஷ்டெம்ஃப்லி,
இம்மாத முடிவோடு நான் வேலையை விடுகிறேன்.
தேதி. முழுப்பெயர்.
காரணம் என்று எழுதி முக்காற்புள்ளி.
அதற்குப் பிறகு வெள்ளை.

இரவு ஒரு மணிக்குக் கத்தினான்.
"ஆர் உன்னை இதுக்கு ஞாபகம் குடுக்கச் சொன்னது?
ஏழு மாசமா ஒவ்வொரு இரவும்
வேலையை விட்டுப்போட்டுத்தான் படுக்கிறனான்.
சேமிச்சுப்போட்டுத்தான் பிடுங்கிறனான்.
காலமை கடிதம் இராது. வேலைக்குப் போவன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
தொடக்க மெனுவில் இரண்டாவது வரியைக் காட்டினேன்.
பழைய மாதிரி மறந்துபோக வேண்டுமென்றால்
கீழ் அம்பு ஒருதரம், பிறகு என்டர்.
தலையாட்டினான்.

டிசம்பர் வந்துவிட்டது. கோப்பு அங்கேயே இருக்கிறது.
நான் திறப்பதில்லை.
கடைசியாக மாற்றிய நேரத்தை மட்டும் பார்ப்பேன்:
ஒன்று நாற்பது. இரண்டு ஐந்து.
ஞாயிறும் விடுவதில்லை.
முக்காற்புள்ளிக்குப் பின்னால்
ஒரு கிலோபைட் வளர்ந்திருக்கிறது.

நேற்று சப்பாத்து நாடா கட்டிக்கொண்டே,
குனிந்த தலையை நிமிர்த்தாமல் கேட்டான்,
நூலகத்தில் ஒரு பக்கம் அச்சடிக்க எவ்வளவு என்று.
இருபது ராப்பன்.
சட்டைப்பையைத் தடவினான்.
என்னிடம் ஐம்பது ராப்பன் குற்றி ஒன்று இருந்தது.
இரண்டு பிரதி எடு என்றேன்.